சத்தமில்லாத பூட்டு

ஒரு நாள் காலையில் என் மனைவி கதவைப் பூட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். இது நல்ல சேதிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். என் பக்கத்துக் கடைத் தையல்காரரும் முதலில் அப்படித்தான் சொன்னார். எனக்கு மட்டும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். மாற்றுச் சாவியும் போட்டுத் தருவேன். கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக் கதவுகளை என்னால் திறக்க முடியும். திறந்ததில்லை, அதனால்தான் பிழைப்பு ஓடுகிறது. இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குப் போய், கதவு பூட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் நோயாக வந்தது. கடவுளுக்கு நக்கல் கொஞ்சம் ஜாஸ்தி.

நோய் கதவிலிருந்து ஆரம்பிக்கவில்லை. முதலில் வந்தது குரல்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்துகொண்டு, இவள் செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார்களாம். இப்போது தண்ணீர் குடிக்கிறாள், இப்போது தலை வாருகிறாள், வாரி என்ன செய்யப்போகிறாள் என்று கேலி வேறு. மனச்சிதைவு என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு மாத்திரையாக மாற்றி, கடைசியில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் ஒரு மாத்திரையில் வந்து நின்றது. அந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்பட்டது. ஒருநாள் சாயங்காலம் அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "காலி பண்ணிட்டு போயிட்டாங்க போலிருக்கு. வாடகை பாக்கி வெச்சாங்களான்னு தெரியல" என்றாள். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான்.

காலியான அந்த வீட்டுக்குத்தான் சந்தேகம் குடிவந்தது. அடுப்பை அணைத்தேனா, இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினேனா, எல்லாவற்றுக்கும் மேலே, கதவைப் பூட்டினேனா. பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பாள். டாக்டரம்மாவிடம் சொன்னோம். "இந்த நோய் இருக்கறவங்கள்ல சில பேருக்கு இதுவும் கூடவே வரும். சில பேருக்கு இந்த மாத்திரையே கிளப்பி விடறதும் உண்டு. அதுக்காக மாத்திரைய நிறுத்திட முடியாது, குரல் திரும்பிடும். இதுக்குன்னு தனியா பயிற்சி கிளாஸ் இருக்கு, வீட்டுக்காரரும் கூட வாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். போகவில்லை. எனக்குக் கடை இருக்கிறது, அவள் மட்டும் போய்வந்தாள்.

"குரலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது அவங்க சொன்னது. நான் நம்பினேன். இது நானேதான் சொல்லிக்கறேன். பூட்டியிருக்குன்னு நல்லா தெரியும். தெரிஞ்சும் விடமாட்டேங்குது. யாராவது சொன்னா கொஞ்சம் அடங்கும்."

"யாராவது எதுக்கு? நான் இருக்கேன்ல. என்னைக் கேளு."

கேட்டாள். அப்படித்தான் அது தொடங்கியது. கதவைப் பூட்டி, என் முகத்தைப் பார்த்து, "பூட்டியாச்சா?" என்பாள். நான் கதவை ஒரு தட்டு தட்டி, "பூட்டியாச்சு" என்பேன். உடனே அவள் தோள்கள் இரண்டும் கீழே இறங்கும். அந்தத் தோள் இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! டாக்டரம்மா எத்தனை படித்திருந்தால் என்ன, அந்தத் தோளை இறக்க என் ஒரு சொல் போதும். மத்தியானம் வேலையிடத்திலிருந்து போன் பண்ணுவாள். வாடிக்கையாளரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஓடி, கதவை இழுத்துப் பார்த்து, மூச்சு வாங்க, "பூட்டியாச்சு" என்பேன். பெண்டாட்டிதாசன் என்றார்கள் தெருவில். பட்டம் இலவசமாக வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

அப்படி இருந்தவள்தான் அன்றைக்குக் கேட்காமல் போனாள். மறுநாளும் கேட்கவில்லை. சாவியைத் திருப்புவாள், எங்கள் பழைய பூட்டு 'ளொடக்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், கொஞ்சம் முகம் வெளுக்கும், பிறகு விடுவிடுவென்று இறங்கிவிடுவாள். நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபடி நிற்பேன். மத்தியான போனும் நின்றது. கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊமைக் கோட்டான் மாதிரி கிடந்தது.

"என்னய்யா பூட்டு, வீட்டுக்கு ஓட்டமெல்லாம் குறைஞ்சிருச்சு?" என்றார் தையல்காரர்.

"அவளுக்கு இப்ப தேவைப்படல."

"நல்லதுதானே." ஊசியில் நூலைக் கோத்தார். கோத்துவிட்டு, "உன்கிட்ட கேக்கலன்னா வேற யார்கிட்ட கேக்கறா?" என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஒரு ஆள் எப்போதும் பக்கத்துக் கடையில் இருப்பான்.

யாரிடம் கேட்கிறாள் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அவள் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். இவள் இஸ்திரி போடும் பகுதியில். அழுக்குத் துணிகளைப் பிரிக்கும் பகுதியில் ஒருவன் இருக்கிறான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வானாம், கழற்றிவிட்டுத் தோல் உரியக் கை கழுவுவானாம். எல்லாரும் அவனை கிளவுஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயிற்சி கிளாஸுக்கும் வருகிறவன். "எனக்குக் குடுக்கற அதே மாத்திரைதான் அவருக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அதில் ஒரு சந்தோஷம் வேறு.

"என்ன பொருத்தம்!" என்றேன்.

"அவருக்கும் சுவருக்குப் பின்னாடி ஆளுங்க இருந்தாங்களாம். இப்பவும் ஒருத்தர் மட்டும் போகாம இருக்காராம். கிழவராம். இருமிக்கிட்டே இருப்பாராம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்வந்த அந்த நாட்டுக்கு எனக்கு என்றைக்குமே அனுமதி கிடைத்ததில்லை. வாசலில் நின்று பை தூக்கியவன் நான். உள்ளே தெருத்தெருவாகத் தெரிந்தவன் ஒருத்தன் வந்துவிட்டான்.

அவள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் தங்கையோடு பேசியது, டாக்டரம்மா வரச்சொன்ன தேதி, அவ்வளவுதான். நிம்மதியாக வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இன்னும் கேட்டது. ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி எடுத்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் எடுத்தேன். அதற்கு மறுநாள் அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போனபோதும். ஒன்றுமில்லாததை ஒருவன் எத்தனை தடவைதான் பார்ப்பான்! பார்த்த கொஞ்ச நேரம் மனசு ஆறும், பிறகு முன்னைவிடக் கூட எரியும்.

ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சலவைக்கூடத்துக்கே போய்விட்டேன். பின்பக்கம் கம்பிவலை வேலி. உள்ளே நீராவிக் குழாய்கள், சக்கர வண்டிகள், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். சாப்பாட்டு நேரம். ஒரு பெட்டியில் என் மனைவி, எதிர்ப் பெட்டியில் அவன். அழகனாக இருப்பான் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லை. ஒல்லியாக, முன்தலை வழுக்கையாக, பள்ளிக்கூடத்துக்குப் பயந்த பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தான். அழகனாக இருந்தால்கூடச் சகித்திருப்பேன்.

அவன் கையுறைகளைக் கழற்றினான். ஒரு ஜோடி, பிறகு இன்னொரு ஜோடி. தோல் வெந்த கை. அழுக்குமூட்டை ஏற்றுகிற வண்டியின் சக்கரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். அப்புறம் அதே கையால் ரொட்டியைப் பிய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் போட்டான். என் மனைவி முன்னால் குனிந்து, குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற மாதிரி அவனையே பார்த்தாள். அவன் விழுங்கினான். இவள் கைதட்டினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வாடகை பாக்கிச் சிரிப்பு.

மணி அடித்ததும் எழுந்தார்கள். அவள் நாலடி நடந்துவிட்டு நின்று, அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "யாருக்குத் தெரியும்?" அவள் காலைத் தரையில் ஒரு உதை உதைத்தாள், செல்லமாகச் சண்டை போடுகிறவள் மாதிரி. உதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

யாருக்குத் தெரியும்! இது என்ன பேச்சு? ஒரு பெண் ஒன்றைக் கேட்டால் ஒருவன் கொஞ்சலாக இப்படிச் சொல்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வேலிக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. கடைக்குத் திரும்பி அன்றைக்கு ஒரு சாவியைக்கூட ஒழுங்காக ராவவில்லை.

அன்று சாயங்காலம் அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, அடுத்த கிளாஸுக்கு ஒரு தடவ வாங்களேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அங்க வெச்சு சொன்னா எனக்கு சுலபமா இருக்கும்."

அங்கே வைத்து எதைச் சொல்லப்போகிறாள்? அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா? "கடைய யாரு பாப்பா?" என்றேன். அவள் சரி என்று எழுந்து போனாள்.

இரண்டு பேருக்கும் விடுமுறையான ஒரு பகலில் கதவிலிருந்து பூட்டைக் கழற்றினேன். "பழசாயிடுச்சு, சரி பண்ணிடறேன்" என்றேன். கட்டிய மனைவியைக் கவிழ்க்க வேறு ஒருவனாக இருந்தால் பொய் சொல்வான், அழுவான். நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். உள்ளே இருந்த விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டேன். தாழ் போய் முட்டுகிற இடத்தில் கிரீஸை அடைத்தேன். சாவியைத் திருப்பினால் தாழ் வெண்ணெய்க்குள் கத்தி போகிற மாதிரி போனது. ஒரு பொட்டுச் சத்தமில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான் என்று அடித்துச் சொல்வேன். அவள் பக்கத்தில் நின்று, கீழே உருண்ட திருகாணியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை. அவள் சாவியைத் திருப்பினாள். தலையைச் சாய்த்து அந்த 'ளொடக்'குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. திரும்பத் திறந்தாள், திரும்பப் பூட்டினாள். கையை எடுத்தாள், வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். அங்கேயே நின்றாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"பூட்டியாச்சா?"

என் காதில் தேன் பாய்ந்தது. இதை மறைக்கப் போவதில்லை. "பூட்டியாச்சு" என்று கதவை ஒரு தட்டு தட்டினேன். தோள்கள் இறங்கின. அவள் கண் மட்டும் ஏனோ கலங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்காதவன்போல் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் போன் வந்தது. ஓடினேன். தையல்காரர் எட்டிப் பார்த்தார். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சா?" என்று பரிதாபப்பட்டார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கெட்டியில்லை. முன்பெல்லாம் என் ஒரு சொல் மத்தியானம் வரை தாங்கும். இப்போது தெருமுனை வரைகூடத் தாங்கவில்லை. "நிஜமாவா?" என்பாள். "நல்லா இழுத்துப் பாத்தீங்களா?" என்பாள். "என் மேல சத்தியமா?" என்பாள். சத்தியம் செய்தேன். சத்தியத்துக்கு மேலே என்ன இருக்கிறது கொடுக்க? கதவைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். படம் எடுத்தது பூட்டுவதற்கு முன்பா பின்பா என்று படத்தின்மேல் சந்தேகம் வந்தது. சாவியைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலில் பள்ளம் விழுந்தது. வேலைக்குத் தாமதமாகப் போனாள், பாதி வழியில் திரும்பி வந்தாள், பிறகு போகவே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் கதவைப் பூட்ட வேண்டாமே என்றாள். உள்ளே இருந்துகொண்டும் கேட்டாள்.

கேட்டதெல்லாம் என்னிடம்தான். ஆசைப்பட்டது முழுசாகக் கிடைத்தது. ஆசைப்பட்டவனுக்குத்தான் அதைத் தாங்கத் தெம்பில்லை. ஒரு நாள் எரிச்சலில், "எத்தனை தடவடி சொல்றது!" என்று கத்திவிட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"நாற்காலிய இழுக்கற மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கம்." உடனே, "பக்கத்து வீட்டுக்காரங்களாத்தான் இருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீடு காலியாகி வெகுநாளாகிறது. அதில் தொங்குகிற பூட்டு என் கடைப் பூட்டு. வேண்டாத பேய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவன் நான்தான்.

மறுநாள் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெளிச்சத்தை மறைத்து ஒருவன் வந்து நின்றான். இரண்டு ஜோடிக் கையுறை.

"அண்ணே, நான் அக்காவோட வேலை பாக்கறவன்."

அக்கா! அக்கா என்று கூப்பிடுகிறவன் என்று தெரிந்ததும் என் பொறாமை அடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. காதலனாக இருந்தால் நாலு உதை கொடுத்து அனுப்பலாம். தம்பியை என்ன செய்வது?

"தெரியும். சொல்லு."

"அக்கா வேலைக்கு வரலன்னா இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. போன் பண்ணினேன், எடுக்கல. அப்புறம் அவங்களே கூப்பிட்டாங்க. சுவர் விஷயம் சொன்னாங்க. டாக்டரம்மாவுக்குச் சொல்லிடுங்கன்னேன், சொல்லிட்டாங்களாம். இன்னிக்கு சாயங்காலம் வரச்சொன்னாங்களாம்."

எனக்குத் தெரியாது. சுவரைப் பற்றி என்னிடம் சமாளித்தவள், இவனிடம் சொல்லியிருக்கிறாள். வெந்த புண்ணில் வேல்.

"உன்கிட்ட எல்லாத்தையும் சொல்றா. நல்லது. நீ என்ன சொல்லுவ, 'யாருக்குத் தெரியும்'னு கொஞ்சுவியா?"

அவன் முகம் சுருங்கியது. பிறகு, "அக்கா உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்றான்.

"என்னத்த?"

"கிளாஸ்ல குடுத்ததுண்ணே அது. சந்தேகம் வந்து கேட்டா, யாரும் பதில் சொல்லக்கூடாது. ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது. 'யாருக்குத் தெரியும்'னு விட்டுடணும். உள்ள எரியும். ஓடிப்போய் அணைக்காம அதோடவே நிக்கணும். நின்னா தானா கொஞ்சம் குறையும். அவங்க கேட்டா நான் சொல்லமாட்டேன், என் கை சுத்தமான்னு நான் கேட்டா அவங்க சொல்லமாட்டாங்க. இதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம்." மூச்சு வாங்கினான். "எனக்கு அந்தக் கிழவர் இருமறது நோய், அத மாத்திரை பாத்துக்குது. கை கழுவறது வேற. இதுக்கு யாராவது பதில் சொல்லச் சொல்ல வளரும். வீட்ல எங்கம்மா 'சுத்தமா இருக்குடா கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லியே என் கை இப்படி ஆச்சு."

மேசையில் கிடந்த அரத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அக்கா சொல்வாங்க. 'அவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன், அவர் பதில்தான் எனக்கு வினைன்னு? அதுல எவ்வளவு சந்தோஷப்படறார் தெரியுமா'ன்னு. உங்களுக்கு மனசு நோகும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தாங்க."

சொல்லிவிட்டு அவன் கையுறைகளைக் கழற்றினான். என் மேசை முழுக்க இரும்புத்தூளும் கறுத்த எண்ணெயும். அந்த வெந்த கையை அதன்மேல் வைத்து, அழுத்தி, பிறகு என் பக்கம் நீட்டினான். நான் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கியதும் அவன் தன் கையை வெறித்துப் பார்த்துவிட்டு, "இது போயிடுமாண்ணே?" என்றான்.

"எந்த எண்ணெயும்..." என்று ஆரம்பித்தேன். அவன் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவன் லேசாகச் சிரித்தான். கையைத் துடைக்காமல், கையுறையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நானும் டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை அளவைச் சற்று மாற்றினார்கள். நாற்காலிச் சத்தம் மறுபடி கேட்டால் உடனே வரச்சொன்னார்கள். திரும்புகிற வழியெல்லாம் அவள் மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். பூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது, துவாரத்தில் உடைந்த சாவி மாதிரி வெளியே வரவில்லை.

காலையில் வேலைக்குப் போகிறேன் என்று சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"எதுக்கு?"

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுடறேன். சத்தம் வரும்."

அவள் என்னையே பார்த்தாள். "அந்தச் சத்தத்த எதுக்கு எடுத்தீங்க?"

தெரிந்திருக்கிறது. பூட்டுக்காரன் பெண்டாட்டிக்குப் பூட்டு தெரியாமலா இருக்கும். "நீ என்கிட்ட கேக்கணும்னு" என்றேன். "கேக்காம போனது எனக்குப் பொறுக்கல. அவன்கூட சிரிச்சது அதவிடப் பொறுக்கல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கண்ணில் நீர் தளும்பியது. "பாவி" என்றாள். "நான் எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு படி இறங்கினேன் தெரியுமா? நீங்க கீழ நின்னு படிய உருவிட்டீங்க." பிறகு என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். "இதுவே இருக்கட்டும். சத்தத்தையும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவும் வேணாம்."

கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் வெளுத்தது. எனக்குத் தெரியும், தாழ் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. என்னைவிட அதை அறிந்தவன் இந்த ஊரில் இல்லை.

அவள் திரும்பினாள். அவளையும் மீறித்தான் கேட்டாள்.

"பூட்டியாச்சா?"

அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாள் அதைச் சொல்லித்தான் நான் அவள் கணவனாக இருந்தேன். அதை விழுங்குவது எச்சில் விழுங்குகிற மாதிரி இல்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் என்னை அறைந்துவிடுவதுபோல் பார்த்தாள். நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள், நிஜமாகவே வலித்தது. கைப்பிடிக்குப் போன கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் மூடிய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். மேல்வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு ஏறி வந்து, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவள் இறங்கினாள். நான் பின்னால் போனேன்.

தெருமுனை தாண்டியதும், "என் போனை எத்தன தடவ பாத்தீங்க?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"எண்ணெய்க் கறை. தினமும் துடைப்பேன். மறுநாள் இருக்கும்." சிறிது தூரம் நடந்தாள். "பாத்தா தீராதுங்க. நான் பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது அது ஒண்ணுதான்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. ரோட்டைக் கடக்கும்போது கேட்டேவிட்டேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. என்னைவிட அவன்தான் உனக்கு ஒத்தாசையா? என்னைவிட அவனத்தான் பிடிக்குதா?"

அவள் நின்றாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் துடித்தது, வாடகை பாக்கி என்று சொன்ன அன்றைக்குத் துடித்த மாதிரி.

"யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"ஏய், விளையாடாத. ஆமாவா, இல்லையா?"

"இன்னொரு தடவ கேக்கணும்போல இருக்கும். கேக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுக்கிட்டு நடங்க."

நடந்தோம். சலவைக்கூட வாசலில் அவன் நின்றிருந்தான். கையுறை ஒரு ஜோடிதான் போட்டிருந்தான். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து கையை ஆட்டினான். இவளும் ஆட்டினாள். இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டே உள்ளே போனார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவதுதான் அவளுக்கு வைத்தியம். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. வாசலோரம் ஒதுங்கி, எரிகிறவரை எரியட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.